ராட்சதன் விழும் விதி

சான் ஹோசே
11 ஜூன் 2000

அன்புள்ள அகிலாவுக்கு,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலம் என்று அம்மா போனில் சொன்னாள். திருப்பதிக் கல்லூரியில் உனக்கு வேலை கிடைத்ததையும் அவள்தான் சொன்னாள். தம்பி கல்யாணத்துக்குப் போனவள் கோடைக்குள் திரும்பிவிடுவாய் என்று நினைத்திருந்தேன். சரி, வேலை பிடித்திருக்கிறதா? புள்ளியியல்தானே நடத்துகிறாய்?

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் சாப்பாட்டையும் வெயிலையும் விசாரித்துவிட்டு நின்றுபோகிறோம். இமெயிலில் தமிழ் எழுத வழியில்லை, படமும் போட முடியாது. அதனால்தான் காகிதம்.

ஒரு நல்ல செய்தி. நம் ராட்சதன் விளையாட்டைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. நகரியில் கரண்ட் போய்த் தறிகள் நின்றதும், தரையில் சாக்கட்டியால் கட்டம் போட்டு, காலி நூல் பாபினில் நட்டும் போல்ட்டும் மாட்டி ராட்சதன் செய்து நீயும் நானும் ஆடுவோமே, அதைச் சாப்பாட்டு மேசையில் இங்குள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். என் மேலாளர் கிரெக்குக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. இதையே கம்ப்யூட்டர் கேமாகச் செய்யலாம் என்று மேலிடத்தில் பேசிச் சம்மதமும் வாங்கிவிட்டார். மாடிக் கட்டடம் உயரத்துக்கு இயந்திரங்கள், நகரத்துக்கு நடுவில் சண்டை. படங்கள் பிரமாதமாக வந்திருக்கின்றன.

சிக்கல் விழுவதில்தான். மேசையில் நம் விதி உனக்குத் தெரியும். நீ போட்டதுதான். ஒரு சுற்றில் வாங்கிய அடி ராட்சதனுடைய கால்களின் பலத்தைத் தாண்டினால் இரண்டு பகடை உருட்ட வேண்டும். வேண்டிய எண் வந்தால் ராட்சதன் நிற்கும், வராவிட்டால் விழும். விழுந்தது எழுந்திருக்க அடுத்த சுற்று முழுக்கப் போய்விடும். அதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அடி படும்போதெல்லாம் கம்ப்யூட்டரே பகடை உருட்டிப் பார்க்கிறது. இங்கே ஒரு நொடிக்குள் நாலைந்து குண்டு பட்டுவிடும். ராட்சதன் விழுகிறது, எழுகிறது, எழும்போதே மறுபடி விழுகிறது. நேற்று ஆடிப்பார்த்த ஒரு பெண் கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டு, "கையில் இது இருக்கிறது, எதை அழுத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இதை எதற்கு என்னிடம் கொடுத்தீர்கள்?" என்று கேட்டாள்.

விழுவதையே எடுத்துவிடலாம் என்கிறார்கள் சிலர். எடுத்தால் அது நம் விளையாட்டு இல்லை. எழுந்து நடக்கிற எந்திரத்துக்கு விழுகிற பயம் இருந்தால்தானே அது ராட்சதன்? யோசித்து எழுது. வெளியே போகும்போது குடை எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
பாபு


திருப்பதி
2 ஜூலை 2000

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். கடிதம் வந்தது. வேலை பிடித்திருக்கிறது. பிள்ளைகள் பாதிப் பேர் தெலுங்கில் கேட்கிறார்கள், மீதிப் பேர் கேட்பதே இல்லை. முதல்வர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏமம்மா, அமெரிக்கா எப்புடு?" என்கிறார், எப்போது போகிறாய் என்று. "இப்போதைக்கு இல்லை சார்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நகரிக்குப் போய் அத்தையைப் பார்த்தேன். உங்கள் அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. பவர்லூம் சத்தத்தில் பேசிப் பேசிக் குரல்தான் இன்னும் பெரிசாகிவிட்டது.

உங்கள் சிக்கல் எனக்குச் சிக்கலாகவே தெரியவில்லை. நாம் அடிக்கு ஒரு முறை உருட்டினோமா என்ன? ஒரு சுற்றில் பட்டதை எல்லாம் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு முறைதான் உருட்டினோம். ஒரு முறை தப்புவது சுலபம். திரும்பத் திரும்ப உருட்டவைத்தால் எவ்வளவு பெரிய ராட்சதனும் ஏதாவது ஒன்றில் மாட்டத்தான் செய்யும். முதல் வருஷப் பாடம் இது.

கம்ப்யூட்டரில் சுற்று கிடையாது என்பதால் இப்படிச் செய்து பாருங்கள். ஒவ்வொரு ராட்சதனுக்கும் ஒரு தண்ணீர்த் தொட்டி இருப்பதாக வையுங்கள். அடி பட்டால் குறையும், அடி படாத நேரத்தில் தானாக ஊறும். வற்றிப்போனால் விழும். கனமான இயந்திரத்துக்குப் பெரிய தொட்டி, ஆனால் மெதுவாகத்தான் ஊற வேண்டும். விழுந்து எழுந்தவுடன் சிறிது நேரம் யார் அடித்தாலும் தொட்டி குறையக்கூடாது. இல்லாவிட்டால் எழுந்ததற்கு அர்த்தமே இல்லை.

குடை இருக்கிறது.

கன்ட்ரோலரைக் கீழே வைத்த அந்தப் பெண் சொன்னது எனக்கு நன்றாகப் புரிகிறது.

உங்கள்,
அகிலா


சான் ஹோசே
6 ஆகஸ்ட் 2000

அன்புள்ள அகிலாவுக்கு,

உன் தொட்டி வேலை செய்கிறது! இப்போது யாரும் கன்ட்ரோலரைத் தூக்கிப் போடுவதில்லை. கிரெக் உன்னை விசாரித்தார். "என் மனைவி போட்ட விதி" என்று சொன்னேன், "நல்லது, நல்லது" என்று தலையாட்டிக்கொண்டே போனார்.

ஆனால் வேறொன்று போய்விட்டது. திரையின் ஓரத்தில் தொட்டி எவ்வளவு மிச்சம் என்று தெரிகிறது. குறைந்ததும் எல்லோரும் கட்டடத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறார்கள், நிறைந்ததும் வருகிறார்கள். யாருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. குழாயடியில் குடம் நிரம்பக் காத்திருப்பதுபோல இருக்கிறது. மறுபடி பகடையைக் கலந்து பார்த்தேன். "கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது" என்கிறார்கள். மேசையில் நம் கையே உருட்டியது, கெட்ட எண் வந்தாலும் நம்மைத்தான் நொந்துகொண்டோம். இங்கே உருட்டுவது யார் என்று தெரியாததால் கோபம் எங்கள்மேல் வருகிறது.

தீபாவளிக்கு முன் ஒரு மாதிரியைக் காட்ட வேண்டும். அது பிடிக்காவிட்டால் கேமே நின்றுவிடும். கேம் நின்றால் கம்பெனியும் நிற்பது சந்தேகம்.

வீடு உன்னை எதிர்பார்த்தே இருக்கிறது. பால்கனியில் நீ வைத்த புதினா நான் தண்ணீர் ஊற்றாமலே இருக்கிறது, எப்படி என்று தெரியவில்லை. நவம்பரில் டிக்கெட் பார்க்கட்டுமா?

அன்புடன்,
பாபு


திருப்பதி
10 செப்டம்பர் 2000

மாமாவுக்கு,

முதலில் விளையாட்டு.

இயற்பியல் துறையில் யசோதா என்று ஒரு தோழி. அவளுக்கு நம் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்து ஆசிரியர் அறையில் ஆடிப்பார்த்தேன். அவளுடைய பெரிய ராட்சதன் அடிவாங்கி உருட்ட வேண்டிய நேரம் வந்தது. பகடையைக் கைக்குள் குலுக்கிக்கொண்டே இருக்கிறாள், போடவில்லை. "போடேன்டி" என்றேன். "இரு, இரு, கொஞ்சம் இரு" என்கிறாள். ராட்சதன் நிற்கிறதா விழுகிறதா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. திருத்திக்கொண்டிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் அவள் கையையே பார்க்கிறார்கள்.

உங்கள் கேமில் இல்லாதது அந்த நேரம்தான். தொட்டி வற்றியவுடன் விழவைக்காதீர்கள். தள்ளாடவிடுங்கள். ஒரு பக்கம் சாயட்டும், கை காற்றில் அலையட்டும், ஒரு கால் தூக்கிக்கொள்ளட்டும். ஆடுகிறவர் சாய்வுக்கு எதிர்ப்பக்கம் தள்ளி, சரியான நேரத்தில் காலை ஊன்றினால் நிற்கட்டும். பக்கத்தில் கட்டடம் இருந்தால் பிடித்துக்கொள்ளட்டும், கட்டடம் இடிந்தால் இடியட்டும். ஓடும்போது அடிபட்டால் சமாளிப்பது கஷ்டம், நின்றிருந்தால் சுலபம். கம்ப்யூட்டர் பகடை உருட்ட வேண்டாம். அவர்கள் கையே பகடை. விழுந்தால் தன்மேல்தான் கோபம் வரும்.

இன்னொன்று. விழுந்து கிடப்பவருக்கும் செய்ய ஏதாவது கொடுங்கள். புரளட்டும், ஊர்ந்து போகட்டும், ஒரு கையால் சுடட்டும். எப்போது எழுவது என்று அவரே முடிவு செய்யட்டும்.

இனி விளையாட்டு இல்லாதது.

அந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தேன். மனைவி விசாவில் வேலை பார்க்கக்கூடாது. கார் ஓட்டத் தெரியாது, பஸ் வராது. யாரும் என்னைத் திட்டவில்லை. எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் எதை அழுத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் நீங்கள் வந்து, "இன்னைக்கு என்னா பண்ண?" என்று கேட்பீர்கள். முதலில் இருந்ததைச் சொன்னேன். பிறகு உங்களிடம் சொல்வதற்காகவே ஏதாவது செய்துவைத்தேன். அலமாரிப் பாத்திரங்களை எல்லாம் இறக்கி, துடைத்து, மறுபடி அடுக்கினேன். புள்ளியியலில் தங்கப்பதக்கம் வாங்கியவள் என்று நைனா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். தம்பிக்குக் கல்யாணம் வந்திராவிட்டாலும் வேறு ஏதாவது சொல்லிக் கிளம்பியிருப்பேன்.

உங்கள்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். இருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு பெண் கன்ட்ரோலரைக் கீழே வைத்ததும் மாதக்கணக்காக உட்கார்ந்து விதியை மாற்றுகிறீர்கள்.

நவம்பரில் டிக்கெட் பார்க்க வேண்டாம்.

அகிலா


சான் ஹோசே
22 அக்டோபர் 2000

அகிலா,

உன் கடிதத்தைக் கம்பெனி வாசலில் காருக்குள் உட்கார்ந்து படித்தேன். அன்று உள்ளே போகவில்லை.

பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் என் பக்கத்து நியாயம்தான் வந்தது. நான் உழைத்தது, களைத்து வந்தது, விசா சட்டம் நான் போட்டது இல்லை என்பது. அவற்றைக் கிழித்துவிட்டேன். நீ எழுதியிருப்பதில் ஒரு வரிகூடத் தவறு இல்லை. வேலையிலிருந்து வந்தால் விளக்கு எரிகிறது, நீ இருக்கிறாய். எனக்கு அது போதுமாக இருந்தது. உனக்குப் போதுமா என்று நான் கேட்கவே இல்லை. இதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

வேலையைப் பற்றி எழுதலாமா? எழுதுகிறேன். தள்ளாட்டத்தைச் செய்துவிட்டோம். மாதிரியைக் காட்டிய அன்று கிரெக்கே ஆடினார். அவருடைய ராட்சதன் பாலத்துமேல் அடிவாங்கிச் சாய்ந்தது. ஒரு கால் மேலே, உடம்பு ஆற்றுப் பக்கம். கிரெக் நாற்காலியிலிருந்து எழுந்து தானும் எதிர்ப்பக்கம் சாய்கிறார். வெளியீட்டுக்காரர்கள் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அவர்களும் சாய்கிறார்கள். கால் ஊன்றியது. அந்த அறையில் கிளம்பிய சத்தம் உனக்குக் கேட்டிருக்க வேண்டும். அடுத்த அடியில் விழுந்தார், விழுந்தபடியே சுட்டு எதிரியையும் விழவைத்தார். கேம் நிற்காது, நடக்கும் என்று அன்றே சொல்லிவிட்டார்கள்.

முடிவில் பெயர்கள் ஓடும் இல்லையா, அதில் உன் பெயரும் வருகிறது. "சிறப்பு நன்றி: திருமதி அகிலா சுரேஷ்பாபு." நானே கேட்டுப் போடவைத்தேன்.

பாபு


திருப்பதி
19 நவம்பர் 2000

மாமாவுக்கு,

மாதிரி நன்றாக வந்ததில் சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். கிரெக் சாய்ந்ததைப் படித்து யசோதாவும் நானும் ஆசிரியர் அறையில் சிரித்தோம்.

பெயரை எடுத்துவிடுங்கள். நன்றி சொல்ல நான் என்ன தாகத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேனா? விதி போட்டவள் என்று போடுவதானால் போடட்டும். இல்லாவிட்டால் என் பெயர் அதில் வேண்டாம்.

போன வாரம் உங்கள் அம்மா பையோடு வந்து இறங்கினார்கள். என்னை அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்துவிட்டுத்தான் நகரிக்குத் திரும்புவார்களாம். நான் சாப்பாடு போடப் போட, திட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

"அங்க அவன் தனியா ஆக்கித் துன்னுக்கினு கெடக்கறான். நீ இங்க சாக்பீஸ் புட்ச்சிக்கினு நிக்கற. எம் புள்ளைக்கு என்னாடி கொற?"

"அவருக்கு ஒரு கொறையும் இல்ல அத்தே."

"அப்பறம் என்னா?"

"எனக்குத்தான் அங்க ஒண்ணும் இல்ல."

தட்டிலிருந்த சாதத்தைப் பிசைந்து முடித்தார்கள். பிறகு, "கல்யாணம் ஆன புதுசுல உங்க மாமனாரு என்னைத் தறியாண்ட வுடமாட்டாரு. ஊட்ல இருன்னுவாரு. நாஞ் சண்ட போட்டுத்தான் தறில குந்தனேன்" என்றார்கள். அதோடு சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மறுநாள் பஸ் ஏறும்போது, "இருந்தாலும் நீ பண்றது தப்புதான்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார்கள்.

உங்கள் கடிதத்தில் கிழித்துப்போட்டதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கிழித்தது நல்லது.

அகிலா


சான் ஹோசே
25 பிப்ரவரி 2001

அன்புள்ள அகிலாவுக்கு,

பதில் தாமதம். ஒரு முடிவு தெரிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

உன் கடிதம் வந்ததும் கிரெக்கிடம் போனேன். "நன்றி என்று வேண்டாம், ஆட்ட விதிகள் என்று அவள் பெயர் வர வேண்டும்" என்றேன். அவர் சிரித்தார். வீட்டில் சண்டையா என்று கேட்டார். பிறகுதான் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்துகொண்டார். என் மனைவி போட்ட விதி என்று ஆகஸ்டிலேயே சொல்லியிருக்கிறேன், அவர் அதை ஒரு கணவன் வீட்டுக்காரியைப் புகழ்வதாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார். உன் கடிதங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். தமிழ் தெரியாது, ஆனால் நீ போட்ட படங்கள் தெரியுமே. கால் தூக்கிச் சாய்ந்த ராட்சதன், பக்கத்தில் கட்டடம். தன் திரையில் ஓடுவதையும் அந்தத் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதை இப்போது சொன்னால் வக்கீல்கள் என்னைத் தின்றுவிடுவார்கள்" என்றார். கம்பெனியில் இல்லாத ஒருத்தியின் விதி கேமின் நடுவில் இருக்கிறது என்றால் நாளைக்கு நீ வழக்குப் போடலாமாம். "பேசாமல் விட்டுவிடு, அடுத்த கேமுக்கு நீதான் தலைமை, உன் கிரீன் கார்டுக்கும் நானே எழுதுகிறேன்" என்றார். "முதலில் அவள் பெயர்" என்றேன். இரண்டு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அடுத்த கேமை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். கிரீன் கார்டுப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

போன வாரம் முடிவு வந்தது. "ஆட்ட விதிகள்: நா. அகிலா." உன் நைனா பெயரின் முதலெழுத்தோடுதான் கொடுத்திருக்கிறேன், கல்லூரியில் நீ அப்படித்தான் கையெழுத்துப் போடுவாய் என்பதால். இதோடு ஒப்பந்தம் இருக்கிறது. உன்னை வெளியிலிருந்து வேலை செய்பவளாக எடுத்துக்கொள்கிறார்கள். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. தெரிந்த வக்கீல் யாரிடமாவது காட்டிவிட்டுப் போடு. இன்னும் ஒரு கேள்வியும் கிரெக் கேட்கச் சொன்னார். நாலு கால் ராட்சதன் ஒன்று சேர்க்கிறார்கள், அது எப்படித் தள்ளாடும்? நான் பதில் சொல்லவில்லை. அவளைக் கேளுங்கள் என்றேன்.

பாபு


திருப்பதி
29 ஏப்ரல் 2001

அன்புள்ள மாமாவுக்கு,

ஒப்பந்தத்தை நைனாவின் நண்பர் வேதாச்சலத்திடம் காட்டினேன். சித்தூர் கோர்ட்டில் நிலத்தகராறு தவிர வேறெதையும் பார்க்காதவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்துவிட்டு, "எந்தப் பத்தியிலும் எல்லைக்கல் இல்லியேம்மா" என்றார். பிறகு உருப்படியாக இரண்டு திருத்தம் சொன்னார். அதைக் கேட்டு அனுப்பினேன், ஒத்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நாலு கால் ராட்சதன் தள்ளாடக் கூடாது என்று கிரெக்குக்கு எழுதியிருக்கிறேன். மாடு எங்கே தள்ளாடுகிறது? அதற்கு ஒவ்வொரு காலாகப் போக வேண்டும். மூன்று காலில் நொண்டும், இரண்டு காலில் உட்கார்ந்துவிடும், உட்கார்ந்தபடியே சண்டை போடும். அவர்களுடைய கணக்கில் கனம் எங்கே சேர்கிறது என்பதே தப்பாக இருந்தது, அதையும் திருத்தினேன். காலேஜ் ரோட்டு பிரவுசிங் சென்டரில் என்னை இப்போது எல்லோருக்கும் தெரியும். "ரோபோ மேடம்" என்று பெயர்.

நீங்கள் என் பெயருக்காக எதை விட்டீர்கள் என்று தெரிகிறது. அதற்காக நான் திரும்பி வருவேன் என்று நினைத்துச் செய்யவில்லை என்பதும் தெரிகிறது. அதனால்தான் இதை நேராக எழுத முடிகிறது. நான் அங்கே வாழ வரமாட்டேன். பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி.க்குச் சேர்ந்துவிட்டேன், விழுகிற நிகழ்தகவு பற்றித்தான். வழிகாட்டி முதலில் சிரித்தார், பிறகு முதியவர்கள் வழுக்கி விழுவதற்கும் இந்தக் கணக்கு பயன்படும் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். முடிய வருஷங்கள் ஆகும்.

நைனா என்னிடம் நேராகக் கேட்கமாட்டார். அம்மாவை விட்டுக் கேட்கவைத்தார், பிரிந்துபோகிறீர்களா என்று. எனக்குத் தெரியாது என்றேன். அதுதான் உண்மை. கடிதத்தில் நீங்கள் எனக்குப் பிடித்த மனுஷராக இருக்கிறீர்கள். வீட்டிலும் இப்படி இருப்பீர்களா என்று தெரியாது. நான் எப்படி இருப்பேன் என்பதும் தெரியாது. அந்த வீட்டில் கடைசி மாதங்களில் நானும் உங்களிடம் ஒன்றும் பேசவில்லை.

பதில் உடனே வேண்டாம்.

அகிலா


சான் ஹோசே
18 நவம்பர் 2001

அன்புள்ள அகிலாவுக்கு,

தனிப் பார்சலில் கேம் வருகிறது. பெட்டியின் பின்பக்கம் உன் பெயர் இல்லை, அங்கே யார் பெயருமே இல்லை. கேம் முடிந்ததும் ஓடும் பெயர்களில் மூன்றாவதாக வருகிறது. யசோதாவுக்குக் காட்டு. பத்திரிகைகள் தள்ளாட்டத்தைத்தான் புகழ்ந்து எழுதியிருக்கின்றன. கதை மோசம் என்றும் எழுதியிருக்கின்றன, அதுவும் உண்மைதான்.

கம்பெனி மூடுகிறார்கள். கேம் சுமாராகத்தான் போனது, செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு எவரும் புதிதாக எதிலும் கை வைக்கவில்லை. கிரெக் கடைசி நாள் எல்லோருக்கும் பீட்சா வாங்கிக்கொடுத்தார். என்னிடம் வந்து, "உன் மனைவி சொன்ன நாலு கால் இருக்கிறதே, நான் செய்ததிலேயே அதுதான் நல்லது" என்று சொல்லிக் கை குலுக்கினார்.

டெக்சஸில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. விசாவையும் மாற்றித் தருவதாகச் சொன்னது. ஹைதராபாத்தில் ஒரு சின்ன இடமும் கூப்பிட்டது. வெளிநாட்டு கேம்களுக்கு உருவங்களை நடக்கவைத்துக் கொடுக்கிற வேலை. எனக்குத் தரப்போகும் முதல் உருவம் ஒரு வாத்து. குழந்தைகள் கேமாம்.

ஹைதராபாத்தில் சேர்வதாக எழுதிக்கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்டுவிட்டுச் செய்தால் முடிவின் பாரம் உன் தலையில் வந்துவிடும், அதனால் செய்துவிட்டுச் சொல்கிறேன். உனக்காக அமெரிக்காவை விட்டேன் என்று ஒரு நாளும் சொல்லமாட்டேன். அது உண்மையும் இல்லை. நீ போன பிறகு ஒரு நாள் லீவு போட்டு, பகல் முழுக்க அந்த வீட்டில் இருந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். கதவு, ஜன்னல், கார்கள் போகிற சத்தம். மத்தியானத்துக்குமேல் தாங்கவில்லை, ஆபீசுக்குப் போய்விட்டேன். எனக்குப் போக ஓர் இடம் இருந்தது. அப்போதிருந்தே எனக்கும் அந்த வீடு ஒட்டவில்லை.

ஹைதராபாத்திலிருந்து திருப்பதிக்கு ரயில் இருக்கிறது. நீ சொல்லாமல் ஏறமாட்டேன். டிசம்பர் கடைசியில் சென்னையில் இறங்குகிறேன், ஜனவரியில் வேலை. அதற்கு நடுவில் உன்னைப் பார்க்க வரலாமா? வேண்டாம் என்றால் நகரியில் அம்மாவோடு இருந்துவிட்டுப் போகிறேன். கேட்பது மட்டும் என் வேலை.

அன்புடன்,
பாபு


திருப்பதி
5 டிசம்பர் 2001

அன்புள்ள மாமாவுக்கு,

பார்சல் வந்தது. பிரவுசிங் சென்டர்க்காரர் தன் நல்ல கம்ப்யூட்டரைக் கொடுத்தார். யசோதா ஆடினாள், நான் ஆடினேன். எனக்கு ஆட வரவில்லை, முதல் தெருவிலேயே விழுந்தேன். விழுந்தபடி ஊர்ந்துபோய் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் படுத்துக்கொண்டேன், அது பிடித்திருந்தது. முடிக்க முடியாததால் பெயர் வரை போகவில்லை. கடைக்காரரின் மச்சான் முடித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் வருவது தெரிந்து அத்தை போன் செய்தார்கள். "அமெரிக்காவ வுட்டுட்டு வாத்து மேய்க்க வரானாமே, நீ என்னாடி மாயம் பண்ண?" என்று கேட்டார்கள். குரலில் சந்தோஷம்தான். தானும் வந்து இருந்து சமைத்துப் போடுவதாகச் சொன்னார்கள். "இப்ப வேணாம் அத்தே, நாங்க ரெண்டு பேரும் மொதல்ல பேசணும்" என்றேன். கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார்கள். அதனால் சென்னையிலிருந்து வரும்போது நகரியில் இறங்கி, ஒரு நாளாவது அவர்களோடு இருந்துவிட்டு வாருங்கள்.

வாருங்கள் என்றுதான் எழுதுகிறேன். முன்புபோல எல்லாம் ஆகிவிடும் என்று அர்த்தம் இல்லை. முன்புபோல ஆவது எனக்கு வேண்டாம். நீங்கள் ஹைதராபாத்தில் இருங்கள், நான் இங்கே இருக்கிறேன். லீவு கிடைக்கும்போது வாருங்கள், சில சமயம் நான் வருகிறேன். சரிப்பட்டு வந்தால் வரட்டும். வராவிட்டால் ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்லாமல் நைனாவிடமும் அத்தையிடமும் சேர்ந்து போய்ச் சொல்லலாம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பயமாகவும் இருந்தது, உடனே பதில் எழுத வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

பைராகிப்பட்டெடாவில் வீடு. பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ கிடைக்கும், அதிகம் கேட்டால் தெலுங்கில் பேசுங்கள். நீங்கள் வருகிற வாரம் கல்லூரியில் தேர்வு, லீவு போட முடியாது. சாவியைக் கீழ்வீட்டு இந்திராணியம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நீங்கள் யாரென்று சொல்லியிருக்கிறேன். கதவின் மேல்தாழ் இறுக்கம், தூக்கித் தள்ள வேண்டும். சாதம் வைத்திருப்பேன், குழம்பைச் சூடு செய்துகொள்ளுங்கள். மேசைமேல் இருக்கும் தாள்கள் எல்லாம் என் ஆராய்ச்சி, கலைக்காமல் ஓரமாக உட்காருங்கள். களைப்பாக இருந்தால் தூங்குங்கள்.

நாலரைக்கு வந்துவிடுவேன்.

உங்கள்,
அகிலா